மீசை முளைத்த மணி மாமா

எனக்கு ஒரு வியாதி உண்டு. இணையத்தில் ஏதாவது விசித்திரத்தைக் கண்டுவிட்டால், அதை நாலு பேருக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கேட்கிறவர்களுக்கு இறங்குகிறதா என்று நான் கவலைப்பட்டதே இல்லை.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்த புதிதில் இந்த வியாதி முற்றியது. ஞாயிறுதோறும் குடும்ப வாட்ஸாப் குழுவில் ‘ஞாயிறு கதம்பம்’ என்று தலைப்பிட்டு, அந்த வாரம் நான் கண்டுபிடித்தவற்றைத் தொகுத்து அனுப்புவேன். (கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. நான் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த வயதில் இந்த வித்தியாசம் புரியவில்லை.) உலக உருண்டையை விரலால் சுழற்றி நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும் ஒரு தளம். முன்பின் தெரியாத யாரோ தன் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் படம்பிடித்துப் போட, நாம் கரமனை வீட்டில் உட்கார்ந்து அவர் ஊர்ப் பனியைப் பார்க்கும் இன்னொரு தளம். நாம் முணுமுணுக்கிற மெட்டைக் கேட்டு அது எந்தப் பாட்டு என்று சொல்லிவிடும் செயலி. (என் முணுமுணுப்பை மட்டும் அது மிக்ஸி சத்தம் என்று நினைத்தது.)

இத்தனைக்கும் பதிலாக வருவது ஒரு கூப்பிய கை. பாலக்காட்டுச் சித்தி மட்டும் எதை அனுப்பினாலும் ரோஜாப்பூவோடு ‘குட்மார்னிங்’ போடுவாள், சாயங்காலமானாலும். அப்பா திறந்தே பார்க்க மாட்டார்.

“இதையெல்லாம் பாத்து நான் எந்து செய்யணும்?” என்பார்.

ஃபோனில் அனுப்பினால்தானே மதிப்பில்லை, டிவியில் காட்டினால் யார் எழுந்து போக முடியும் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. அக்காவும் அத்திம்பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவதாக இருந்தார்கள். அத்திம்பேருக்கு வங்கியில் வேலை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன கண்ணா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர்தானே பாக்கறாய்? இல்ல, கம்ப்யூட்டர் உன்னைப் பாக்கறதா?” என்று கேட்டுத் தானே சிரிப்பார். அவர் வாயை அடைத்துவிட வேண்டும் என்று ஒரு வாரம் ராவும் பகலுமாக உட்கார்ந்து கதம்பத்தை ஒரே வீடியோவாகத் தயாரித்தேன். ஆரம்பத்தில் என் குரலில் ஓர் அறிவிப்பு. நடுவில் வானொலி, ஜன்னல், மனிதர்களைப் போலக் கத்தும் ஆடுகள். உச்சகட்டமாக, மணி மாமா.

மணி மாமா எங்கள் அடுத்த வீடு. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒற்றைச் சுவர். இங்கே கடுகு தாளித்தால் அங்கே தும்முவார்கள். மாமா தலைமைச் செயலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த படத்தில்கூட, யாருடைய விடுப்பு விண்ணப்பத்தையோ நிராகரிக்கிற முகத்தோடுதான் இருப்பார். எந்தப் புகைப்படத்தையும் பூனையாக்கிப் பாட வைக்கும் ஒரு செயலி அந்த வாரம் என் கண்ணில் பட்டது. அதற்கு அந்த முகத்தைவிடப் பொருத்தமான முகம் இந்தத் திருவனந்தபுரத்தில் உண்டா, சொல்லுங்கள். பாட்டையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டே இசையமைத்து வாங்கினேன். வரிகள் மட்டும் சொந்தம்:

‘மியாவ் மியாவ் மணி நான், மீனே வேண்டாப் பூனை நான்!
வாழைக்காய் உப்பேரி கண்டால் வாலை ஆட்டும் பூனை நான்!’

வீட்டுக்குள் நாலு பேர் பார்த்துச் சிரிக்கத்தான். சத்தியமாக அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அரைக்கால் சட்டையோடு டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஃபோனில் டிவியின் பெயரைத் தொட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது.

“ஆரம்பிச்சாச்சா?” என்றார் அத்திம்பேர்.

“ஒரு நிமிஷம்.”

எங்கோ என் குரல் கேட்டது. ‘அனைவருக்கும் வணக்கம்! ஞாயிறு கதம்பம் உங்களை அன்போடு வரவேற்கிறது!’ சத்தம் வருகிறது, படம்தான் வரவில்லை என்று நினைத்து, சத்தத்தைக் கடைசி வரை கூட்டினேன். (இந்தக் காரியத்தை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.)

“நல்ல எஃபெக்ட்டு!” என்றார் அத்திம்பேர், முதல் முறையாக மரியாதையோடு. “சத்தம் சுவத்துக்குள்ளேர்ந்து வர மாதிரியே இருக்கு, கேட்டோ.”

அக்கா சுவரில் காதை வைத்தாள். “மாதிரி இல்லே. சுவத்துக்குள்ளேர்ந்துதான் வரது. மணி மாமா ஆத்துலேர்ந்து!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாலைக் கடைத்தெருவில் தள்ளுபடி போட்டபோது அப்பாவும் மாமாவும் சேர்ந்து போய், ஒரே மாதிரி இரண்டு டிவி வாங்கி வந்தார்கள். இரண்டையும் பொருத்திக் கொடுத்தவன் நான். மாமா வீட்டில் அப்போது இணைய இணைப்பு வரவில்லை. சும்மா சோதித்துப் பார்க்க அவர் டிவியை எங்கள் வைஃபையில் இணைத்தேன். அதைத் துண்டிக்க மறந்துபோனேன். இரண்டுக்கும் ஒரே பெயர். நான் தொட்டது அவருடையதை.

“சரி, போட்டும். மாமாவும் கதம்பம் பாக்கட்டும்” என்று சமாளித்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

“டேய் பாவி! அவாத்துல இன்னிக்கு விஜியைப் பொண்ணு பாக்க வந்திருக்காடா! காத்தாலேர்ந்து நான் பறஞ்சுண்டே இருக்கேனே, உன் காதுல விழல்லியா?”

விழவில்லை. காலையிலிருந்து காதில் ஹெட்ஃபோன்.

ஃபோனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஃபோனைத் தொட்டால் வீடியோவை நிறுத்தலாம் என்பது, அடுத்த வீட்டு வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளே நான் கண்ட காட்சி இது. சோபாவில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. பாலக்காட்டுக்காரர்கள். எதிரே நாற்காலியில் மணி மாமா, வேஷ்டி சட்டையில், விறைப்பாக. பட்டுப்புடவையில் மாமாவின் பெண் விஜி, தலை குனிந்தபடி. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று டிவியின் மேல் பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அந்தத் துணிக்குள்ளிருந்து ஆடுகள் மனிதக் குரலில் அலறிக்கொண்டிருந்தன.

மாமி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒழுங்குபடுத்துகிற வேகத்தில் அவளே அதை எங்கோ எடுத்து வைத்திருந்தாள். பிளக் சோபாவுக்குப் பின்னால். சோபாவிலோ சம்பந்தி அம்மாள்.

“ஒண்ணும் இல்லே, ஒண்ணும் இல்லே, பழைய டிவி” என்றார் மாமா.

“புதுசு மாதிரி இருக்கே” என்று எழுந்த மாப்பிள்ளையின் அப்பா, உதவி செய்கிற எண்ணத்தில் துணியை மெல்லத் தூக்கினார்.

சரியாக அந்த நொடியில் ஆடுகள் முடிந்தன. திரை நிறைய மணி மாமா. கழுத்தில் மாலை, தலையில் இரண்டு காது, கன்னத்தில் நீள நீள மீசை. இமைகளைப் படபடவென்று கொட்டிவிட்டுப் பாட ஆரம்பித்தார்: ‘மியாவ் மியாவ் மணி நான்...’

மாப்பிள்ளையின் அப்பா திரையைப் பார்த்தார். திரும்பி நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவர் கையில் துணி அப்படியே நின்றது.

மாமா என்னைப் பார்த்தார். அவருடைய அத்தனை வருட உத்தியோகத்தில் யாரையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகாமல் இழுப்பது போல. பிறகு ஸ்டார்ட் ஆனது போல. விஜி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூட நாளில் அந்தச் சிரிப்புக்காக வகுப்புக்கு வெளியே நின்றவள். ‘அவா முன்னால தப்பித் தவறிக்கூடச் சிரிச்சுடாதே’ என்று மாமி காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாளாம். பட்டுப்புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அது அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிய உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்தும் கேட்டது.

நான் சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். சம்பந்தி அம்மாள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்குப் போயிட்டு விளிக்கறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

“நீ போ” என்றார் மாமா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அதற்கப்புறம் சில நாட்கள் நான் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன். கதம்பத்தை நிறுத்திவிட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அம்மா என்னைப் பழவங்காடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வைத்தாள். விஜிக்காகவா எனக்காகவா என்று கேட்டேன். “ரெண்டு பேருக்கும்தான். உன் ஓடு நன்னா சிதறட்டும்” என்றாள். தேங்காய் ஓட்டைத்தான் சொன்னாள், மண்டை ஓட்டை அல்ல என்று நினைக்கிறேன். விஜியின் வாழ்க்கையை ஒரு பூனைக்காகக் கெடுத்துவிட்டேனே என்று உண்மையிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது. “கண்ணா, இங்க வா.”

போனேன். மாமா பேப்பரைப் பார்த்தபடியே சொன்னார். “பாலக்காட்டுலேர்ந்து விளிச்சா. அவாளுக்குச் சம்மதமாம்.”

“எப்படி மாமா?”

“அந்தப் பையன் சொன்னானாம், இந்த மாதிரி சிரிக்கற பொண்ணோட இருந்தா வீட்டுல டிவியே வேண்டாம்னு.” பேப்பரைப் புரட்டினார். “கல்யாண மண்டபத்துல நீ ஃபோனைத் தொடப்படாது. மனசிலாச்சா?”

மனசிலாயிற்று. மண்டபத்தில் என் ஃபோன் அம்மாவின் கைப்பையில் பூட்டிக் கிடந்தது. மேடையில் மாப்பிள்ளை என் கையைக் குலுக்கி, “அன்னிக்கு நான் சிரிக்காம இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்று காதில் சொன்னார்.

இப்போது விஜி பெங்களூரில் இருக்கிறாள். பெண் குழந்தைக்கு மூன்று வயது. ஒரு தீபாவளிக்கு வந்தபோது அந்த வீடியோவை யாரோ (நான்தான்) அதற்குக் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வீடியோ அழைப்பில் மாமாவின் வெறும் முகத்தைக் கண்டால் அது அழுகிறது. “இது வேண்டாம், பூச்சைத் தாத்தா வேணும்!” (பூச்சை என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் பூனை.)

இரண்டு தடவை மாமா கண்டித்துப் பார்த்தார். குழந்தை அழைப்பைத் துண்டித்துவிட்டது. பேசும்போதே முகத்தில் பூனை மீசை ஒட்டும் வித்தை அவர் ஃபோனில் இருக்கிறது, அதைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதனால் ஞாயிறுதோறும் சாயங்காலம் மணி மாமா சட்டையை மாட்டி, தலையை வாரி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு சுவரைத் தட்டுகிறார். தெரு முழுக்கக் கேட்கும்.

“டேய் கண்ணா! குழந்தை விளிக்கற நேரமாச்சு. மீசையை வெச்சு விட்டுட்டுப் போ!”