மூத்த கசினின் முதல் பெயர்

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை, மாலைத் தேத்தண்ணி நேரம்.

மேரு மாநகரில் மாட்சிமையோடு வீற்றிருக்கும், என் பெரியப்பாவின் மூத்த குமாரர் உயர்திரு கன்னையா அவர்களின் திருச்சமூகத்துக்கு, சித்தப்பா மகன் ரெங்கசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவது.

இங்கு நானும் மனைவி தனமும் மகள் புனிதாவும் உடலால் நலம். அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தரசியாரும், தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க எல்லாம் வல்லவன் அருள் புரிவானாக. ஆறு வருடமாக ஒரு போன்கூடப் பேசாதவன் திடீரென்று கூரியரில் கடிதம் போடுகிறானே, என்ன விஷமம் என்று தாங்கள் நினைப்பீர்கள். இதைச் சமாதானக் கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு தகவல் தேவை. ஏழோ எட்டோ இங்கிலீஷ் எழுத்து, அவ்வளவுதான். அந்த எழுத்துகள் தங்களைத் தவிர உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதபடியால் இந்தத் தொந்தரவு.

விஷயம் இதுதான். புனிதாவுக்கு அடுத்த மாதக் கடைசியில் கல்யாணம். அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம். தனம் நாலு மாதமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஐசி என்கிற அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, அதைத் திருப்பி வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே ஏற்றினாள். "நம்ம பையன் முகுந்தன் கல்யாணத்துல ஆனது இந்தத் தடவை ஆகக்கூடாது" என்று ஒரே பிடிவாதம். என்ன ஆனது என்று தங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அந்தப் பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மஸ்ஜித் இந்தியாவில் இருக்கும் அட்டைக் கடைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அட்டை இல்லை. அட்டை இல்லாமல் வாயால் அழைத்தால் நம் ஜனங்களில் பாதிப் பேர் அதையே ஒரு வருடத்துக்குப் பேசுவார்கள். இப்போது அந்தப் பட்டியலைத் திறக்க முடியவில்லை. பூட்டியவன் யார் என்று கேட்கிறீர்களா, இந்தக் கடிதத்தை எழுதுகிற அதே கைதான்.

ஏன் பூட்டினேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தெலுக் இந்தானிலிருந்து தனத்தின் பக்கத்துச் சொந்தங்கள் அந்தப் பட்டியலுக்குள் இரவு பகலாக ஊடுருவிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை பார்த்தேன், முப்பத்தொரு குடும்பம். வியாழக்கிழமை பார்த்தேன், ஐம்பத்தெட்டு. இப்படியே விட்டால் மண்டபத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குக் கார் நிறுத்தும் இடத்தில்தான் பந்தி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எல்லையைக் காக்க முடிவு செய்தேன். அதுவரை அந்தக் கம்ப்யூட்டருக்கு இருந்த பாஸ்வர்டு, புனிதாவின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். அதையும் ஒரு சீட்டில் எழுதி ஸ்கிரீனுக்கு அடியிலேயே ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை தனம் கோயிலுக்குப் போன நேரத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்து, செட்டிங்ஸ் என்கிற அந்தப் பாதாள லோகத்தில் இறங்கி, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் பாஸ்வர்டு ஒன்றைச் செதுக்கினேன். இருபத்தாறு எழுத்து. அதில் இரண்டு சோழ மன்னர்கள், என் முதல் மோட்டார் சைக்கிளின் நம்பர், ஒரு நட்சத்திரக் குறி, நடுவில் ஒரு ஆச்சரியக் குறி எல்லாம் உண்டு. உலகத்துத் திருடர்கள் எல்லாம் ஒன்றுகூடி மாநாடு போட்டாலும் உடைக்க முடியாது. எழுதி வைக்கக் கூடாது என்று அந்தப் பெட்டியே எச்சரித்தது. வாழ்க்கையில் சொன்ன பேச்சை நான் கேட்ட நாள் அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரே ஒரு சோழ மன்னன்தான் நினைவில் மிஞ்சியிருந்தான்.

தனம் போய் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இது என்னமோ புதுசா கேக்குது. சீட்டு எங்க?"

"காத்துல பறந்திருக்கும்."

"ஃபேனே போடல."

அப்புறம் நடந்த விசாரணையைத் தங்களுக்கு விவரித்து என்ன பயன். பென்டிரைவில் ஒரு நகல் இருந்ததே என்று மறுநாள் பெட்டாலிங் ஜெயா ஆபீஸிலிருந்து புனிதா போனில் கேட்டாள். அதைப் பாதுகாப்பு கருதி வெள்ளிக்கிழமையே அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.  அவள், "அப்பா, நாலு மாசம்ப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது அளந்துவிட்டிருப்பேன். அந்த மூன்று வார்த்தையோடு செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

கீழ்க்கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் லோகனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் வந்து இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க பூட்டும்போது இது மூணு கேள்வி கேட்டிருக்கும், அதுக்குக் குடுத்த பதிலை அப்படியே குடுத்தா புதுப் பாஸ்வர்டு போட்டுக்கலாம். இல்லன்னா நான் ஃபார்மட் பண்ணித்தான் குடுக்கணும்" என்றான். உள்ளே இருப்பதெல்லாம் என்ன ஆகும் என்று தனம் கேட்டாள். "கோசோங் லா, ஆன்டி. ஒண்ணும் மிஞ்சாது" என்றான். தனம் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விகள் இருக்கிறதே, அதை யார் எழுதினார்களோ, நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதவில்லை. ஆறு கேள்வியில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று ஒன்று. நம் வீட்டில் செல்லமாக வளர்ந்தது ஒரு சேவல்தான், அதற்குப் பெயர் வைப்பதற்குள் தீபாவளி வந்துவிட்டது. உங்கள் பெற்றோர் எந்த ஊரில் சந்தித்துக்கொண்டார்கள் என்று இன்னொன்று. என் அப்பாவும் அம்மாவும் மணவறையில்தான் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அதுவும் புகையில் சரியாகத் தெரியவில்லை என்று அம்மா சொல்வார். முதல் பள்ளிக்கூடத்தின் பெயர் கேட்டது, எந்தப் பள்ளியைச் சொல்வது, முதல் வருடத்திலேயே என்னை மூன்று இடத்துக்கு மாற்றினார்கள். ஆக மிச்சம் மூன்று. பிறந்த ஊர், சின்ன வயதில் பட்டப்பெயர், மூத்த கசினின் முதல் பெயர்.

லோகன் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, "பொறந்த ஊரு, அங்கிள்?" என்றான். தனம் முந்திக்கொண்டு, "கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி" என்றாள். கல்யாணம் ஆன முப்பத்து நாலு வருடமாக நான் அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளைக்கார டாக்டர் என்னைத் தூக்கிப் பார்த்து வியந்தது உட்பட. நான் மெதுவாக, "மேருன்னு போடு தம்பி" என்றேன். தோட்டத்து லைன் வீட்டில், தங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிப் பிறந்தவன் நான் என்பது தங்களுக்கும் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டுமே தெரிந்த உண்மையாக இருந்தது. இப்போது ஊருக்கே தெரியும். "பட்டப்பெயர்?" என்றான். நான் இருமினேன். "சொல்லுங்க அங்கிள், வெக்கப்படாதீங்க." கெரோப்போக் என்றேன். அந்த மீன் அப்பளம் எண்ணெயில் போட்டவுடன் தட்டு நிறைய ஊதிப் பெருத்து, கடித்தால் உள்ளே காற்றுதான் என்பதால் எனக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்பது தங்களுக்கு மறந்திருக்காது. லோகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினான். தனம் அடக்கவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் கப்பல் தரை தட்டியது. கசின் என்ற ஒரு வார்த்தைக்குள் இங்கிலீஷ்காரன் அத்தை மகன், மாமா மகன், பெரியம்மா மகன், சித்தப்பா மகள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டான். நம் பாஷையில் அப்படி ஒரு மூட்டையே இல்லை. இருந்தாலும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வயதுப்படி எண்ணினால் முதலில் நிற்பவர் தாங்கள்தான். தங்கள் பெயரைத்தான் கொடுத்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழில் நாலே எழுத்து. இங்கிலீஷில் அந்த நாலு எழுத்தையும் எந்தக் குமாஸ்தா எப்படிப் பதிந்தானோ, அங்கேதான் என் பிழைப்பு நாறுகிறது. நடுவில் என் ஒன்றா இரண்டா, அதற்கு அப்புறம் ஏ உண்டா, ஐ-யா ஒய்-யா, கடைசியில் எச் நிற்கிறதா இல்லையா. ஒரு எழுத்து பிசகினாலும் அந்தப் பெட்டி வாயைத் திறக்காது. ஒன்பது விதமாக அடித்துப் பார்த்தோம். ஒன்பது தடவையும், பதில் தவறு என்று மிக மரியாதையாகச் சொன்னது. லோகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "சொந்தப் பெரியப்பா மகன்தானே அங்கிள், ஸ்பெல்லிங் தெரியாதா?" என்றான். அவன் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் என் காது சுட்டது.

தங்கள் பெயரை இங்கிலீஷில் நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தேன். அது முகுந்தன் கல்யாண அட்டையில். தலைமை என்று போட்டு, தங்கள் பெயரை நானே என் கையால் டைப் அடித்து, "புரூஃப் பார்க்க வேண்டாம், நான் அடித்தால் அடித்ததுதான்" என்று கடைக்காரனிடம் பெருமையடித்துவிட்டு வந்தேன். கே, ஏ, என், ஐ, ஏ, ஒய், ஏ என்று நான் அடித்ததில் முதலில் நிற்க வேண்டிய கே விழுந்துவிட்டது. அட்டை வந்தபோது தாங்கள் மிஸ்டர் அநியாயா. மலாய்க்காரர்களுக்கும் அர்த்தம் புரிந்தது, தமிழர்களுக்கும் அர்த்தம் புரிந்தது. இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பிழை செய்ய என்னால்தான் முடியும். அதோடு நின்றிருந்தால் தாங்கள் சிரித்துக்கொண்டே மன்னித்திருப்பீர்கள். கிள்ளான் மண்டபத்தில் மைக் என் கைக்கு வந்ததும், அறுநூறு பேருக்கு முன்னால், "இதோ, எங்கள் குடும்பத்தின் அநியாயம் சாப்பிட உட்கார்ந்துவிட்டது" என்றேன். அறுநூறு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். தாங்கள் இலையை மூடிவிட்டு எழுந்து போனதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பாயசம்கூட வரவில்லை. கேட்டவர்களிடம், முழங்கால் வலி, அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்றேன். ஆறு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் என் முதல் வேலைக்கு விண்ணப்ப பாரத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தவர் தாங்கள். ரெங்கசாமியில் இருக்கும் ஜி கூடத் தப்பாமல் எழுதிய கை அது.

சரி, அந்தப் பழைய கதை இப்போது எதற்கு. இது தகவல் கேட்கும் கடிதம். ஆகவே தாங்கள் தயை கூர்ந்து, ஐசியில் உள்ளபடி தங்கள் பெயரை எழுத்து எழுத்தாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கூரியரிலேயே வியாழக்கிழமைக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பிவைக்க வேண்டும். காகிதத்தில் வேறு ஒன்றும் எழுத வேண்டியதில்லை. திட்ட வேண்டும் என்று தோன்றினால் பின்பக்கம் இடம் இருக்கும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நூறாண்டு ஆயுளும், வலியில்லாத முழங்காலும், என்னைப் போன்ற சொந்தக்காரர்களிடமிருந்து நல்ல பாதுகாப்பும் கிட்டுவதாக.

இப்படிக்கு,
தங்கள் பெயரை எழுதத் தெரியாத,
ரெங்கசாமி

பி.கு.: புதன்கிழமை காலை. உறையை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன். தனம் எடுத்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். படித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நீங்க அவரை என்னைக்காவது பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"அது எப்படிக் கூப்பிடறது? வயசுல மூத்தவரு."

"அப்ப என்னான்னு கூப்பிடுவீங்க?"

நான் சொல்லவில்லை. ஆறு வருடமாகச் சொல்லாத வார்த்தை, சட்டென்று வாயில் வரவில்லை. இந்தக் கடிதத்தில் நாலு பக்கம் முழுக்க அதைத் தொடாமல் நான் எப்படி வளைந்து நெளிந்து போயிருக்கிறேன் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தனம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உட்கார்ந்து ஐந்து எழுத்து தட்டினாள். ஏ, என், என், ஏ, என். அண்ணன். பெட்டி திறந்துகொண்டது. சனிக்கிழமை அந்தக் கேள்வியைப் பார்த்தபோது நான் உங்கள் பெயரை யோசிக்கவே இல்லை போலிருக்கிறது, விரல் அதுபாட்டுக்கு அடித்துவிட்டது.

ஆகவே கம்ப்யூட்டருக்கு உங்கள் எழுத்து தேவையில்லை. மேலே நான் கேட்ட தகவலை ரத்து செய்கிறேன்.

ஆனால் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதல் வரிசையில் உறவு என்ற கட்டத்தில் 'பொண்ணோட பெரியப்பா' என்று இருக்கிறது. பக்கத்தில் பெயர் வர வேண்டிய கட்டத்தில் பெயர் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னாலேயே தனம் அங்கே ஒரு வரி அடித்து வைத்திருக்கிறாள்: 'இவரே போய்க் கேக்கட்டும்.'

கேட்கிறேன், அண்ணே. பெயரையும்தான்.