உங்கள் தம்பியும் என் ஆபீஸ் மெயிலும்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் இடது காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கைகால் சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். போனில் பேசினால் உங்கள் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டு "யாரு, அக்காவா? என்ன கேக்கறா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நீங்களும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவீர்கள். விஷயமோ அந்தரங்கமானது, அதாவது அவரைப் பற்றியது. அதனால்தான் கடிதம். மாடி வீட்டு நர்ஸ் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முதலில் கால். நான் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் புகார் மெயில் எனக்குத்தான் வரும். நான் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். போன வாரம் எங்கள் ஆபீஸ் லிஃப்டே நின்றுவிட்டது. அதற்கான புகாரை நானே எனக்கு எழுதி, நானே பெற்றுக்கொண்டு, மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே போயிருந்ததால் மூன்று மாடியும் படியிலேயே இறங்கினேன். கடைசிப் படி இருக்கிறது என்று தெரியாமல் காலை வைத்ததில் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு, இப்போது முழங்கால் வரை கட்டு. ஆறு வாரம் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் போன் பண்ணி, "உங்க சொந்த லேப்டாப் இருக்கில்ல? அதுல ஆபீஸ் மெயிலைப் போட்டுக்கிட்டு திங்கக்கிழமைலேருந்து வீட்லயே பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. முடியலன்னா சொல்லுங்க, ரிசப்ஷன் பொண்ணைத் தற்காலிகமா உக்கார வைக்கறேன்" என்றார். தற்காலிகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் அக்கா. பல வருஷத்துக்கு முன்னால் நானும் அந்த நாற்காலியில் தற்காலிகமாகத்தான் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில்தான் உங்கள் தம்பி வருகிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எது ரிப்பேர் ஆகும் என்று காத்துக்கொண்டிருப்பவர் அவர். வேலைக் காலம் முழுக்கக் குடிநீர் பம்ப் ஸ்டேஷனில் சூப்பர்வைசராக இருந்ததால், உலகத்தில் எது ஓடாவிட்டாலும் இரண்டே காரணம் சொல்வார்: ஒன்று, எங்கேயோ அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் பிரஷர் போதவில்லை. "நான் இருக்கேன்ல, நீ காலை நீட்டி உக்காரு" என்று லேப்டாப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸிலிருந்து வந்த பாஸ்வேர்டை உரக்கப் படிக்கச் சொன்னார். அந்தப் பாஸ்வேர்டில் வட்டமாக ஒன்று இருந்தது. "இது எழுத்து ஓ-வா, முட்டையா?" என்றார். தெரியவில்லை என்றேன். முட்டை போட்டுப் பார்த்தார். ஓ போட்டுப் பார்த்தார். பெரிய ஓ, சின்ன ஓ. பிறகு நிமிர்ந்து நிற்கிற கோடு எண் ஒன்றா, எழுத்து எல்-ஆ என்ற ஆராய்ச்சி. எல்லாம் முடிவதற்குள் கணக்கு பூட்டப்பட்டது என்று திரையில் வந்துவிட்டது. "பாத்தியா, வால்வை மூடிட்டான்" என்றார் உங்கள் தம்பி, யாரோ உள்ளே உட்கார்ந்து மூடினாற்போல.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பையன், நல்ல பிள்ளைதான், அவசரமே இல்லாமல் பேசினான்.

"லாக் ஆயிருக்கு மேடம். திறக்கறது எப்படின்னு உங்க ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிட்டேன்."

"அந்த மெயில்தானேப்பா திறக்கல?"

"ஆமா மேடம். திறந்ததும் பாத்துக்கோங்க."

சொன்ன பிறகு அவனுக்கே ஏதோ பட்டிருக்க வேண்டும். அவனே பூட்டை எடுத்துவிட்டு, வட்டம் முட்டைதான் என்றும் சொல்லிவிட்டு, "இப்ப உங்க போனுக்கு ஒரு கோட் வரும், அதைப் போடுங்க" என்றான். வரவில்லை. விசாரித்தால், வேலையில் சேர்ந்தபோது எனக்கென்று போன் இல்லாததால் உங்கள் தம்பி நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவர் சட்டைப்பையில் டிங் என்று சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா?"

"வந்திருக்கு."

"என்ன நம்பர்?"

"சொல்லக் கூடாது."

"என்னது?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு. தெளிவா போட்டிருக்கு."

"என்னங்க, நான்தான் கேக்கறேன்!"

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க."

ஒரே சோபாவில், தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் அவரே தட்டுவதாக ஒப்புக்கொண்டு, நான் பார்த்துவிடாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மறு கையின் ஒரு விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தி முடிப்பதற்குள் அந்தக் கோட் காலாவதியாகிவிட்டது. அடுத்தது வந்தது. அதையும் அவரேதான் போட்டார், இந்த முறை சரியான நேரத்தில். அப்படியும் மெயில் திறக்கவில்லை. பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வாசகம் வந்தது. உங்கள் தம்பி லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வீட்டு இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டார். என்ன நினைத்தாரோ, மெயின் சுவிட்சையும் அணைத்துப் போட்டார். மறுபடி பையனுக்கே போன் செய்தேன்.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், லேப்டாப்புல மணி என்ன காட்டுது?" என்றான். சொன்னேன். "என் கடிகாரத்துக்குக் கால் மணி நேரம் முந்திப் போகுதே? அதான் சர்வர் நம்ப மாட்டேங்குது" என்றான். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். விஷயம் இதுதான் அக்கா: நான் ஆபீஸுக்கு லேட்டாகக் கிளம்புகிறேன் என்று இவர் வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் கால் மணி நேரம் தள்ளி வைத்திருக்கிறார், லேப்டாப் உட்பட. எத்தனை நாளாக என்று கேட்டேன். "அதை எதுக்கு இப்ப?" என்றார். தினமும் அரக்கப் பரக்க ஓடி, பூட்டிக் கிடக்கும் ஆபீஸ் வாசலில் காவலாளியோடு நான் ஏன் நின்றேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மணியைச் சரிசெய்ததும் மெயில் திறக்கத் தயாராகி, ஒரு நீளமான ஒப்பந்தத்தைக் காட்டிச் சம்மதமா என்று கேட்டது. மனிதர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. உங்கள் தம்பி படித்தார். ஒரு வரி விடாமல் படித்து, தேவைப்பட்டால் இந்த லேப்டாப்பில் இருப்பதை ஆபீஸே அழித்துவிடலாம் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார். "அப்ப நம்ம போட்டோ எல்லாம்?" என்றார். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றாமல் சம்மதம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஏற்றினால் போதாதா, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஏற்றினார். சாயங்காலம் அவருடைய பிரிவுபசார விழாப் படங்கள் வந்தன. மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஸ்டேஷன் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். "அந்த மூணாவது பம்ப்பு இப்ப எப்படி ஓடுதோ. சந்தேகம்னா போன் பண்ணுங்கடான்னு சொல்லிட்டு வந்தேன். ஒருத்தனும் பண்ணல" என்றார். "சம்மதத்தை அழுத்துங்க" என்றேன். அழுத்தினார்.

திறந்தது. தேங்கிக் கிடந்த மெயில்களெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. "அடைப்பு எடுத்தா எப்படி வருது பாத்தியா!" என்று அவர் எழுந்து நின்று பார்த்தார். திங்கட்கிழமை நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். நாற்காலி தப்பியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இப்போது மெயில் வரும் சத்தம் கேட்டால் எனக்கு முன்னால் அவர் வந்து நிற்கிறார். "யாருக்கு நின்னுது? எந்த மாடி?" என்கிறார். என் தோள் மேல் தாடையை வைத்துப் படிக்கிறார். நேற்று ஒரு குடியிருப்புச் செயலாளர் லிஃப்ட் உறுமுகிறது என்று எழுதியிருந்தார். நான் மருந்து சாப்பிட எழுந்துபோய், ஊன்றுகோலோடு திரும்பி வருவதற்குள், உங்கள் தம்பி அவருக்குப் போன் போட்டு, பேரிங், கிரீஸ், பராமரிப்பு எல்லாவற்றையும் பற்றி ஒரு பாடமே நடத்திவிட்டார். அப்புறம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பிரிவுலேருந்து ஒரு சீனியர் ரொம்ப நல்லா பேசினாராம், யாரு அது?" என்கிறார். நான் எந்தச் சீனியரைக் காட்டுவது? இருமி, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே அக்கா, என் கால் சரியாகும்வரை உங்கள் தம்பியை அங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார். சத்தம் போடாவிட்டாலும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் அன்பையும், எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிவித்துக்கொள்கிறேன். எல்லோரும் நோய்நொடியில்லாமல், படியைப் பார்த்துக் கால் வைத்து, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அவரை அனுப்பியே தீருவதென்று ஒற்றைக் காலில் நிற்கும்
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: நர்ஸ் இன்னும் வரவில்லை, அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று மத்தியானம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் குடியிருப்பிலிருந்து மெயில். டியூஷன் எடுக்கும் ஒரு அம்மாள் தனியாக லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளே ஒட்டியிருந்த முகவரிக்குத் தன் போனிலிருந்து எழுதியிருந்தாள். எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக இருந்தது. நான் உடனே மெயிலில் இருந்த அவள் நம்பருக்குப் போன் போட்டேன். "மூச்சு முட்டுதுங்க" என்று அழுதாள். மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உங்கள் தம்பி சட்டை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்துவிட்டார். "எதையும் தொடக் கூடாது!" என்று கத்தினேன். "தொட மாட்டேன்" என்று போனவர், தொடவும் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவள் போன் வழியாக எனக்கும் கேட்டது. "காத்து வரும்மா, மேல வழி இருக்கு. நான் ஒரு தடவை வால்வுக் குழிக்குள்ள மாட்டிக்கிட்டேன், கூட ஒரு தவளை. அது என்னைவிட ரொம்பப் பயந்துபோச்சு, நான்தான் சமாதானம் பண்ணேன்..." இத்தனை வருஷத்தில் இந்தத் தவளையை என்னிடம் அவர் சொன்னதே இல்லை அக்கா. அழுதுகொண்டிருந்தவள் முதலில் மூக்கை உறிஞ்சினாள், பிறகு சிரித்தாள். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை மனிதர் வாய் ஓயவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, படுத்துத் தூங்கிவிட்டார்.

சற்று முன் அந்த அம்மாளிடமிருந்து மெயில் வந்திருக்கிறது: "அடுத்த முறை லிஃப்ட் நின்றால் மெக்கானிக் வரத் தாமதமானாலும் பரவாயில்லை. பேசுபவரை மட்டும் உடனே அனுப்பி வைக்கவும்." அவரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். படித்தேன்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஆனால் அதில் ஒன்றும் பொய்யில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். உங்கள் மோட்டார் நிஜமாகவே சத்தம் போட்டாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பிக்கு இங்கே வேலை இருக்கிறது.