காற்றைக் குடிக்கும் சிவப்புச் சேறு

கட்டுரையை முக்கால்வாசி படித்தவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் உலகம் எதனால் அழியும், எதனால் பிழைக்கும் என்று இரண்டையும் சொல்லிவிட்டு, ஏற்காட்டில் இறங்கும்போது, "மிச்சத்தை ஊட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்பார். அந்த மிச்சத்தைத்தான் அவர் படித்திருக்க மாட்டார்.

தலைச்சோலை ஊர்க்காரர் ஸ்தனிஸ்லாஸ் இதில் முதல் தரம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் அவர் கையில் சிக்கிய பத்திரிகை, புகையில் கிளம்பும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது என்றும், அலுமினிய ஆலைகள் கழித்துப் போடும், சுண்ணாம்பைப் போலக் கையைப் பொத்துப்போக வைக்கும் சிவப்புச் சேறு அந்த வாயுவை உறிஞ்சிக் கல்லாக்கி வைத்துக்கொள்ளும் என்றும் சொன்னது. விஷயம் உண்மைதான். உண்மை யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டாமா? மறுவாரமே சமவெளி ஆலை ஒன்றிலிருந்து ஒரு லாரி சேறு மலையேறி வந்தது. வழியெல்லாம் லாரி விட்ட புகையைப் பற்றி அவர் பேசவில்லை.

குவித்த இடம், அவர் மனைவி ஞானசுந்தரியின் காப்பி நாற்றங்காலுக்கு நேர் மேலே இருந்த மேடு. பின்சரிவில் அந்த நாற்றுகளை நட்டு, ரைட்டர் சம்சாரம் என்ற பெயர் போய்த் தோட்டக்காரி என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

"ஏனுங்க, மானம் இருட்டிட்டு வருது. தார்ப்பாயி போட்டு மூடுங்க. ஒரு வாய்க்காலாச்சும் வெட்டி உடுங்க."

"மூடிப் போட்டா அது எப்படிப் புள்ள காத்தைக் குடிக்கும்?"

"அது காத்தைக் குடிக்கறது இருக்கட்டுங்க. எம்பட நாத்து என்னத்தைக் குடிக்குமுங்க?"

பதில் சொல்ல அவருக்கு ஏது நேரம்? சுற்றுலா வந்த இரண்டு பேரை வேலியோரம் நிறுத்திக் குவியலைக் காட்டிக்கொண்டிருந்தார். அவளே மண்வெட்டியை எடுத்தாள். பாதி வெட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேறு மொத்தமும் நாற்றங்காலுக்குள் இறங்கியது. வேர் வெந்து, இலை கருகி, ஒரு வாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஞானசுந்தரி வாய்விட்டு அழுதாள்.

"உடு புள்ள. நாலு நாத்து போனாப் போவுது. ஒலகம் பொழைச்சுக்கும்."

"அந்த ஒலகத்துல நானு இல்லீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, உலகத்தைக் காப்பாற்றுவது பற்றிச் சேலத்துக் கூட்டத்தில் பேச நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சேறு காற்றைக் குடித்துக் கல்லாகும் என்பது உங்களுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். அதற்குள் இதை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள், இல்லையா? சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குள்ளேயிருந்து ரொம்ப நேரமாக உங்களை ஒருவர் கூப்பிடுகிறார். அது என்னவென்று முதலில் போய்க் கேளுங்கள்.