தேவயானி பிடித்த தட்டு

பெரம்பலூர்,
திங்கள் மாலை

அன்புள்ள சாந்தா அக்காவுக்கு,

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? நேற்றுப் பெண் பார்த்துவிட்டு அவர்கள் போனதும் அழுதேன் என்றால், அதற்கு வேறு காரணம். அங்கே ஜெயங்கொண்டத்தில் உன் குழந்தைகளுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும். இங்கே காய்ச்சல் எனக்குத்தான்.

போன வாரம் குன்னம் பள்ளிக்கூடத்தில் என் பத்தாம் வகுப்புப் பெண்களிடம் பேசினேன். வீட்டில் தண்ணீர் எடுப்பது யார், கடைசியில் சாப்பிடுவது யார். பிறகு பெண் பார்க்கும் சடங்கு. காபித் தட்டோடு போய் நிற்கிறவள் தானும் அந்தத் தட்டில்தான் இருக்கிறாள் என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. தேவயானி என்கிற பெண் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

நேற்று அம்மா கொடுத்த தட்டோடு, நீ அனுப்பிய பச்சைப் பட்டில், தலையைக் குனிந்துகொண்டு கூடத்துக்கு வருகிறேன், பாய் ஓரத்தில் இரண்டு சின்னக் கால்கள், நிமிர்ந்தால் தேவயானி, மாப்பிள்ளை ராஜவேலின் அண்ணன் மகளாம், என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொல்லி, டீச்சர் எதையும் சுமக்கக் கூடாது என்கிற பள்ளிக்கூடப் பழக்கத்தில், "குடுங்க டீச்சர், நான் கொண்டாரேன்" என்று தட்டைப் பிடித்துவிட்டாள், நான் விடவில்லை, அவளும் விடவில்லை, மாப்பிள்ளையின் அம்மா "வுடுடி, பொண்ணு கையாலதான் குடிக்கணும்" என்று அவள் கையைத் தட்ட, பாதிக் காபி ராஜவேலின் வேட்டியில். அவர் எழுந்து, தரை துடைக்கத் துணி எங்கே என்று நம் அம்மாவைக் கேட்டார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மிச்சக் காபியை நான்தான் கொடுத்தேன். எல்லார் காலிலும் விழுந்தேன். தேவயானி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று வகுப்பில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மணி அடித்ததும் கூப்பிட்டேன். அவளே கேட்டாள்:

"தட்டை நீங்களே தூக்குனீங்களே டீச்சர். என்னைத் தூக்கச் சொல்றப்ப நான் மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

 சாக்பீஸை டப்பாவில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

ஆக, என் வீரமெல்லாம் கரும்பலகை வரைக்கும்தான் அக்கா. பெரியவர்கள் பார்த்து எது செய்தாலும் சரி. சம்மதம் என்று அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. அத்தானுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடிக்க விடாதே, பால் பட்டு வாய் வெந்துவிடும்.

உன் தங்கை
கீதாஞ்சலி

பி.கு: செவ்வாய். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. தேவயானியிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்: ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு நான் வருகிறேன், காபியை அவள் சித்தப்பா கொண்டுவரட்டும். குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

"அவருக்குக் காபி போட வராதே டீச்சர். நான் போட்டுக் குடுத்துரட்டா?" என்றாள்.

"நீ என் பக்கத்துல உக்காரு" என்றேன்.

பிறகு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.