தாழ்ப்பாளும் நாற்பத்தாறு அக்காக்களும்

மும்பை தாராவியில் 'சால்' எனப்படும் எங்கள் வரிசைவீட்டுக் குடியிருப்பில் நாற்பத்தாறு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஓர் ஆண் வீதம் நாற்பத்தாறு பேர் கொண்ட 'நெல்லை நலக்குழு' என்ற வாட்ஸ்அப் குழுவை ஆறு வருஷமாகச் சீரும் சிறப்புமாக நடத்திவருகிறோம். தலைவர் நெல்லையப்பன் அண்ணாச்சி, மாட்டுங்காவில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். செயலாளர் மற்றும் அட்மின், வெயிலுமுத்து ஆகிய நான். குழுவில் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளைப் பற்றியும் விவாதம் நடந்திருக்கிறது. சாலின் பெண்கள் கக்கூஸைப் பற்றி மட்டும் நடந்ததில்லை. அது ஆண்கள் பேசத் தகாத விஷயம் அல்லவா?

மேற்படி கக்கூஸில் ஐந்து அறைகள். நான்கில் தாழ்ப்பாள் இல்லை. ஐந்தாவதில் கதவே இல்லை. ஆகவே பெண்கள் ஜோடி ஜோடியாகப் போவார்கள். ஒருத்தி உள்ளே இருப்பாள், ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மனைவி பிரேமலதாவுக்கு ஜோடி, பக்கத்து வீட்டுக் கிளாரா. கிளாராவுக்கு வாஷியில் வேலை கிடைத்து, விடிவதற்குள் ரயிலேற ஆரம்பித்ததும் என் வீட்டில் நிம்மதி போயிற்று.

"மத்தியானம் அவ வர்ற வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணி குடிக்காம கெடக்கேன். உங்க குரூப்புல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் பிரேமலதா.

"குரூப்புல பொம்பளையே இல்லையே. பொம்பள விஷயத்த யாரு எழுப்புவா? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் 'இணைய உரையாடலில் பன்முகக் குரல்கள்' என்றொரு திட்டத்தை அறிவித்தது. குழுவில் பெண்கள் சரிபாதி இருந்தால் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் பெற்ற குழு கேட்கும் பழுதுவேலைக்குப் பணமும் அவர்களே தருவார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. நாற்பத்தாறு பெண்களைச் சேர்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நம்பர் தேடி அலையத் தேவையிருக்கவில்லை. மனைவிமார் பேரில் வாங்கிய சிம் எல்லாம், கேஸுக்கும் ரேஷனுக்கும் ஓடிபி வர வேண்டுமே என்று, எங்கள் போனிலேயே இரண்டாவது சிம்மாகக் கிடந்தன. பத்தே நிமிஷத்தில் பெண்கள் சரிபாதி ஆகிவிட்டார்கள். சமத்துவம் இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் ஆறு வருஷம் முந்தியே கொண்டுவந்திருப்போம்.

பெண் நம்பரிலிருந்து எழுதுகிறவரைப் பெண்ணாகவே பாவித்து, 'அக்கா' என்றழைத்து, உரிய மரியாதை தர வேண்டும் என்று விதி போட்டோம். விதி என்றால் விதிதான். ஒருநாள் டீக்கடை பெஞ்சில் ராஜபாண்டியும் தனசீலனும் தோளுரச உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ராஜபாண்டி தன் மனைவி சொர்ணம்மாளாகவும், தனசீலன் தன் மனைவி லூசியம்மாளாகவும் டைப் அடித்தார்கள். 'லூசி அக்கா, நீங்கள் வரம்பு மீறுகிறீர்கள்' என்று அடித்து அனுப்பிவிட்டு, ராஜபாண்டி வாயைத் திறந்து, "ஏல தனசீலா, அந்த பிஸ்கட்ட இங்க தள்ளு" என்றான்.

தனசீலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னவே, பொம்பளகிட்ட ஏல போடுதீரு?"

"மன்னிச்சிருங்கக்கா" என்றான் ராஜபாண்டி.

பெண்களின் முதல் தேவை என்னவென்று தொண்டு நிறுவனம் எழுதிக் கேட்டது. எனக்கும் மனசாட்சி உண்டு. நேரே தலைவரிடம் போய், "அண்ணாச்சி, தாழ்ப்பாள் கேப்பமா?" என்றேன்.

"தாழ்ப்பாள் நம்ம கடையில இல்லையே" என்றார் அண்ணாச்சி. "ரோஸ் பெயின்ட்டுதான் மூணு டின் தேங்கிக் கெடக்கு. எல்லா இடத்துலயும் இப்ப பொம்பளையளுக்கு ரோஸ்தானடே ஃபேஷன்? வாசல்ல ஒரு செல்ஃபி பாயின்டும் போட்டுருவோம். தாழ்ப்பாள் ஏன் வேண்டாங்கறத ஒரு பொம்பள எழுதினாத்தான் எடுபடும். நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். உம் பொண்டாட்டி எழுதட்டும்."

என் மனைவி எழுதினாள்: 'தாழ்ப்பாள் தனிமையின் சின்னம். கதவைப் பிடிக்கும் கை தோழமையின் சின்னம். எங்களுக்குத் தோழமை போதும்.' நாற்பத்தைந்து அக்காக்களும் கைதட்டினார்கள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பிரேமலதா இங்கேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் வாசிக்க வராது. கிளாரா தன் வீட்டுக்காரர் போனைப் பார்த்து வாசித்துக் காட்டிவிட்டாள். அன்று நான் சோற்றில் கைவைக்கும்போது என் போன் பறிபோயிற்று.

"நான் பிரேமலதா பேசுதேன்" என்று தன் நம்பரிலிருந்தே குரல் செய்தி போட்டாள். "இதுவரைக்கும் எம்பேர்ல எழுதினது நான் இல்ல. தோழமையாம்! வயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கவளுக்குத் தெரியும். எங்களுக்குத் தாழ்ப்பாள் வேணும், அம்புட்டுதான்."

குழு திடுக்கிட்டது. 'இது பிரேமா அக்காவின் நடையே இல்லை. அவர் இலக்கண சுத்தமாக எழுதுபவர்' என்றார் சொர்ணம்மாள் அக்கா. 'யாரோ பெண் குரலில் பேசி நம் குழுவுக்குள் ஊடுருவுகிறார்கள்' என்று எச்சரித்தார் லூசி அக்கா. போலி ஆசாமியை உடனே நீக்கும்படி தலைவர் உத்தரவிட்டார். கட்டிய மனைவி என்றும் பாராமல் நீக்கினேன். பொதுவாழ்க்கை என்று வந்துவிட்டால் சொந்தபந்தம் பார்க்க முடியாது.

ஆனால் பெண்கள் எண்ணிக்கை நாற்பத்தைந்தாகக் குறைந்து சமத்துவம் கெட்டுப்போயிற்று. எனவே மறுநாள், நம்பர் இனிமேல் பொறுப்பானவர் கையில்தான் இருக்கும் என்று நான் எழுத்துமூலம் உறுதி கொடுத்ததன் பேரில், பிரேமலதா அக்கா திரும்பச் சேர்க்கப்பட்டார்.

சான்றிதழ் கொடுக்கத் தொண்டு நிறுவனத்திலிருந்து கீதா மேடம் வந்தார். மாட்டுங்காக்காரர். கக்கூஸ் பளபளவென்று ரோஸாக நின்றது. தோழமை வாசகத்தைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தோம்.

"இதை எழுதின பிரேமலதா யாரு?" என்றார் மேடம் உருகிப்போய்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள். "பிரேமலதா நான்தான். இத எழுதினது இவரு. எங்களுக்குத் தாழ்ப்பாள் வேணும் மேடம்."

மேடம் தன் போனில், நாங்கள் அனுப்பிவைத்திருந்த குழுப் பதிவுகளைத் திறந்து பார்த்தார். "வேண்டாம்னு நீங்களே போட்டிருக்கேளே. நாப்பத்தஞ்சு லேடீஸ் சப்போர்ட் பண்ணியிருக்கா. இதோ பாரும்மா, குரூப்புல பதிவாறதுதான் பெண்களோட குரல். நீங்க இப்ப வாயால சொல்றது பெர்சனல் ஒபினியன்."

விழா தொடர்ந்தது. நாலு பேர் பேசினோம், நாலும் ஆண்கள். இடையில் மேடத்துக்கு இரண்டு டீயும் ஒரு இளநீரும் கொடுத்து உபசரித்தோம். அதன் பலனாக மேடம் மெல்ல எழுந்து, ரோஸ் கட்டடத்தைப் பார்த்து வேகமாக நடந்தார். துணைக்குப் பிரேமலதா போனாள். விதிப்படி நான் வாசலோடு நின்றுகொண்டேன். பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"மேடம், தோழமை எப்படி இருக்கு?"

உள்ளே மேடம் தொண்டையைச் செருமினார்.

"கை கடுக்குது மேடம். விட்டுறட்டா?"

"ஐயோ, விட்டுடாதேம்மா!"

"இது எழுத்துல இல்லியே மேடம். உங்க பெர்சனல் ஒபினியன்லா?"

"தாழ்ப்பாள் சாங்ஷன்! இப்பவே சாங்ஷன்! கதவைப் பிடிச்சுக்கோ!"

மறுநாள் காலை ஐந்து தாழ்ப்பாளும் ஒரு கதவும் வந்து இறங்கின. 'இணைய உரையாடலில் பெண்கள் ஒருமித்து எழுப்பிய குரலுக்குக் கிடைத்த வெற்றி' என்று மேடம் அறிக்கை எழுதினார். சான்றிதழ் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பிரேமலதா காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பத்திரிகை, பெண்கள் மட்டுமே எழுதும் சிறப்பிதழ் ஒன்றுக்குக் கதை கேட்டிருந்தது. நீங்கள் இவ்வளவு நேரம் படித்ததைப் பிரேமலதா பேரில் அனுப்பிவைத்தேன். ஆசிரியர் உடனே பதில் போட்டார்: 'அக்கா, ஓர் அசட்டு ஆணின் மனசுக்குள் புகுந்து இவ்வளவு தத்ரூபமாக எழுத ஒரு பெண்ணால்தான் முடியும். அவசியம் போடுகிறோம்.' 'நன்றி தம்பி' என்று அடக்கமாகப் பதில் எழுதினேன்.

அச்சுக்குப் போகுமுன் பிரேமலதாவுக்கு முழுசையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இம்புட்டும் எம்பேர்லயா வருது?"

"ஆமா."

"அப்ப கடைசியில நான் ரெண்டு வார்த்த சொல்லுதேன். அப்படியே போடுங்க."

சொன்னாள். நல்லாத்தான் சொன்னாள். கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் தொள்ளாயிரம் வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று பத்திரிகையில் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், அதைச் சேர்க்க இடமில்லை.