பிசின் சாரும் நாலு மாடிச் சுவரும்

ஒரகடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி தயாராகிறது என்று எனக்குத் தெரியாது. அத்தனையும் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றுபோல இருக்கும் என்பது மட்டும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரைக்கும், 'ஒரே மாதிரி ரெண்டு செய்ய மாட்டேன்' என்று அடம்பிடித்து அதற்குச் சம்பளமும் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பிசின் சார்தான்.

2010ஐ ஒட்டிய வருஷங்கள். கம்பெனிகளுக்கு நடுவே முளைத்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் ஸ்டோர் கீப்பர். அங்கே இன்ஜினீயரிங்தான் பிரதானம். 'கலைப் பிரிவு ஒன்று இருந்தால் தரம் பார்க்க வரும் கமிட்டிக்காரர்கள் நல்ல கிரேடு கொடுப்பார்கள்' என்று யாரோ நிர்வாகத்தின் காதில் ஓதிவிட்டார்கள். உடனே பழங்குடி ஓவியத்துக்கு ஒரு ஸ்டூடியோ. பாடம் எடுக்கக் கோத்தகிரிப் பக்கத்துக் குறும்பர் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஆள் ஒல்லி, குரல் கனம்.

இன்டர்வியூ எடுத்தவர் ரிஜிஸ்ட்ரார். அவர் அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். தூக்கத்தில்கூட டார்கெட் சொல்வார் என்று அவர் வீட்டு டிரைவர் சத்தியம் செய்திருக்கிறார்.

"சர்டிபிகேட் எங்கே?" என்றார் ரிஜிஸ்ட்ரார்.

நம்மவர் மடியிலிருந்து ஒரு கட்டி வேங்கைப் பிசினை எடுத்துப் பொடித்தார். ரிஜிஸ்ட்ராரின் டீயிலிருந்தே நாலு சொட்டு விட்டுக் குழைத்தார். ஃபைல் அட்டையின் மேல் குச்சியால் ஓர் ஆளை வரைந்தார்.

"இதுதாங்க. அழிச்சுப் பாருங்க."

ரிஜிஸ்ட்ரார் எச்சில் தொட்டும் அழித்துப் பார்த்தார். போகவில்லை. வேலை கிடைத்துவிட்டது, கூடவே 'பிசின் சார்' என்ற பெயரும். டீயைத்தான் யாரும் குடிக்கவில்லை.

அடுத்து, ஐந்து யூனிட்டில் சிலபஸ் வேண்டும் என்றார்கள். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "முதல் யூனிட், நடக்கிறது. ரெண்டாவது, இலை பறிக்கிறது. மூணாவது, உக்காந்து சும்மா பாக்கிறது." மேற்கோள் நூல்கள் என்ற இடத்துக்கு வந்ததும் யோசித்தார். "வேங்கை மரம், காட்டவரைச் செடி. போட்டுக்கோ." போட்டேன். கவுன்சில் ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தது. ஒருவரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை இலையால் வந்தது. பச்சை நிறத்துக்கு அவரை இலை வேண்டும் என்று ஸ்டோருக்கு இன்டென்ட் சீட்டு போட்டார். ஸ்டோர் விதிப்படி எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும்.

"இன்னா சார், இலைக்கு எவன் கொட்டேஷன் குடுப்பான்?" என்றேன்.

"ஆடுகிட்ட கேளு. அதுக்குத்தான் ரேட்டு தெரியும்" என்றார்.

கடைசியில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பெனி காம்பவுண்டுக்குள் இலை பறிக்கப் போய்விட்டார். அங்கே செக்யூரிட்டி மடக்கி, வெளியே எடுத்துப்போகும் பொருளுக்கு கேட் பாஸ் கேட்டிருக்கிறான். அதில் 'திருப்பித் தரப்படுமா?' என்று ஒரு கட்டம். நம்மவர் 'தரப்படும், மழை பெய்தால்' என்று எழுதவைத்து, கைநாட்டையும் பிசினிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மாணவர்கள் பதினோரு பேர். மெக்கானிக்கலில் சீட் கிடைக்காதவர்கள் பாதி, கிடைத்துப் பிடிக்காதவர்கள் மீதி. சாத்தூரிலிருந்து வந்த பாண்டி முதல் நாளே தேன் எடுக்கும் ஆளைப் பெரிய தலையோடு வரைந்தான்.

"தலை எதுக்குடா இவ்ளோ பெருசு? இவன் தேன் எடுக்கப் போறானா, பரீட்சை எழுதப் போறானா?"

"மூளை இருக்கணும்லா சார்?"

"இருக்கட்டும். அதை வெளிய காட்டிக்கிட்டு ஏன் நிக்கிறான்?"

ரிஜிஸ்ட்ராருக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். "ஷிஃப்டுக்கு எத்தனை படம் வருது?" என்று கேட்பார். "இன்னிக்கு ஒரு படம் போச்சு சார், நல்லா இல்லைன்னு அழிச்சுட்டோம்" என்பார் பிசின் சார். உற்பத்தி மைனஸில் போகும் டிபார்ட்மென்ட்டை ரிஜிஸ்ட்ரார் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒருநாள் கெடு வைத்தார். வரும் வாரம் கமிட்டி வருகிறது. அதற்குள் மெயின் பிளாக்கின் நாலு மாடிச் சுவர் முழுக்கத் தேன்பாறை வரைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டூடியோவை மூடிவிட்டு அந்த அறையில் சிஎன்சி மெஷின் இறக்கிவிடுவார்கள். பிசின் சாருக்கு வேலை போகும். பதினோரு பேரும் வந்த வழியே போகவேண்டும்.

சாரம் கட்டும் கான்ட்ராக்டர் ஏதோ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். "கயிறு போதும்" என்றார் பிசின் சார். மொட்டை மாடித் தூணில் சுற்றி, மறுமுனையைத் தரையில் ஓர் ஆள் விட்டுவிட்டுப் பிடிக்க, அவர் தொங்கிக்கொண்டே வரைவதாகத் திட்டம். சேஃப்டி ஆபீசர் பதறி ஓடிவந்து ஹெல்மெட், இடுப்புப் பட்டை, பெர்மிட் எல்லாம் கொடுத்தார். எல்லாவற்றையும் சமத்தாக மாட்டிக்கொண்டவர் கடைசியில் ஒரு குண்டைப் போட்டார்.

"கயிறு பிடிக்க மச்சான் வேணும்."

"எதுக்கு?"

"எங்க ஊர்ல தேனுக்குப் பாறையில இறங்கினா, மேல கயிறு பிடிக்கிறது பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான். கூடப் பொறந்தவனுக்குக்கூடக் குடுக்க மாட்டோம்."

"கூடப் பொறந்தவன் மேல நம்பிக்கை இல்லியா?"

"அவனுக்கு என்மேல ஆயிரம் கோவம் இருக்கும். மச்சானுக்கும் இருக்கும். ஆனா அக்கா தனியா நிக்கிறதைப் பாக்க அவனால முடியாது."

சேஃப்டி ஆபீசர் பெர்மிட்டைப் புரட்டினார். "இதுல 'தகுதியான நபர்'னுதான் கீது சார், மச்சான்னு இல்லியே."

"அதைத்தானே நானும் சொல்றேன்?"

அசல் மச்சான் கோத்தகிரியில். தேன் சீசன் வேறு. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார் சாரின் மனைவி மாதி அக்கா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கூடியிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வி கேட்டார். "இவரு விழுந்தா நீ என்ன பண்ணுவே?"

"108க்குப் போன் போடுவேன்க்கா" என்றான் பாண்டி.

"ரிப்போர்ட் எழுதுவேன்" என்றார் சேஃப்டி ஆபீசர்.

என் முறை வந்தது. எனக்குப் பசி. "கயித்த வுட்டாத்தானேக்கா வுழுவாரு? நான் ஏன் வுடப்போறேன்?" என்றேன்.

அக்கா தூக்கைத் திறந்து முதல் கவளத்தை என் வாயில் திணித்தார். "இவன்தான் என் தம்பி."

ஆறு நாள் பிடித்தேன். கைத்தோல் உரிந்தது. மேலே பாறை வந்தது, தேனடை வந்தது, சின்னத் தலைக்காரர்கள் ஏணியில் ஏறினார்கள். ஆறாம் நாள் காலை பாதி ஏணிதான் பாக்கி. கமிட்டியின் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. ரிஜிஸ்ட்ரார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஸ்டாக் ரிஜிஸ்டர் எங்கேய்யா? கயிறை செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டு உடனே வா. வரலேன்னா நாளைக்கு வேலைக்கே வராதே!"

ஸ்டோரில் அவ்வளவு காலமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவன் நான். "முடியாது சார். மேல எங்க மாமா தொங்கிக்கினு கீறாரு" என்றேன். "ஸ்டோர் சாவி இடுப்புல சொருகிக்கீது. நீங்களே எடுத்துக்கங்க."

வேறு வழியில்லாமல் ரிஜிஸ்ட்ரார் என் இடுப்பில் கையைவிட்டுச் சாவியைத் துழாவினார். சரியாக அந்த நொடியில் கமிட்டி வந்து எதிரே நின்றது.

கமிட்டித் தலைவி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு கயிற்றின் வழியே பார்வையை மேலே கொண்டுபோனார். "கயிறு பிடிக்கிற இவர் யார்?"

"ஸ்டோர் கீப்பர், மேடம்."

"என் மச்சானுங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது. தொங்கியபடியே மச்சான் சட்டம் முழுவதையும் விளக்கினார். கமிட்டி மொத்தமும் கழுத்தொடிய அண்ணாந்து நின்று கேட்டது. ரிஜிஸ்ட்ராரின் கை இன்னும் என் இடுப்பில்தான் இருந்தது.

"பிரமாதம். இது சிலபஸ்ல இருக்கா?" என்றார் தலைவி.

ரிஜிஸ்ட்ரார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "யூனிட் சிக்ஸ், மேடம்."

அந்த ஒரு பொய்க்காக அவருடைய நூறு டார்கெட்டையும் மன்னித்தேன். ஸ்டூடியோ பிழைத்தது. சிஎன்சி மெஷின் வேறு அறை பார்த்துக்கொண்டது. எனக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது: 'பணி நேரத்தில் ஸ்டோரில் இல்லாததற்குக் காரணம் கூறவும்.' 'குடும்ப வேலை' என்று எழுதிக் கொடுத்தேன்.

பிசின் சார் அப்புறமும் சில வருஷம் பாடம் நடத்திவிட்டு மலைக்கே போய்விட்டார். மாதி அக்காவிடமிருந்து வருஷம் தவறாமல் ஒரு பாட்டில் தேன் வருகிறது. எங்கள் வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது. இதைப் பிசின் சார் காதுபடச் சொல்லிவிடாதீர்கள், மனுஷர் வருத்தப்படுவார்.