வெளிச்சம் ஆகாத வீடு

"எவனாவது சுவிட்சைத் தொட்டீங்கன்னா, தொட்ட கையை ஒடிச்சிருவேன்!"

தென்காசியில் தம் வீட்டு வாசலை மறித்து நின்றார் சண்முகநாதன். எதிரே, சென்னையிலிருந்து வேனில் வந்திறங்கிய தம்பி விஜயசங்கரும் அவன் குடும்பமும் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக விழித்தனர்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால், ஆடி முடியும்வரை உறவினர் படை வந்துகொண்டே இருக்கும். அருவியில் ஆடுவார்கள், அகோரப் பசியோடு திரும்புவார்கள். சண்முகநாதனின் மனைவி கல்யாணசுந்தரி இரவுவரை தோசை சுடுவாள். விருந்தோம்பல் என்ற பெயரில் ஒருத்தியின் இடுப்பை ஒடிப்பது முறையா என்று எவரும் கேட்டதில்லை, சண்முகநாதனும் கேட்டதில்லை.

இவ்வாண்டு அவள் இருட்டறையில் படுத்திருந்தாள். கன்னத்தில் வந்த புற்றுக்கட்டிக்குத் திருவனந்தபுரத்தில் புதுமுறைச் சிகிச்சை நடந்திருந்தது. உடம்பில் மருந்து மிச்சமிருப்பதால் ஆவணி பிறக்கும்வரை வெளிச்சம் படக்கூடாது என்று, கடைசியாக மருத்துவரைக் கண்டு வந்த அன்று அவள் சொல்லியிருந்தாள். அன்றே எல்லா ஜன்னல்களிலும் தொங்கிய கறுப்புத் துணியை ஆணி வைத்து அறைந்துவிட்டார் சண்முகநாதன்.

"லைட்டுப் போட்டா மைனிக்கு என்னண்ணே ஆகும்?"

"தோலு வெந்துரும்லே!"

அவர் திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இருட்டுக்குள்ள படுத்திருக்காவளே அண்ணாச்சி. அம்மை போட்டிருக்குன்னு சொல்லவே இல்லையே!"

வேனில் வந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினர். சண்முகநாதன் வேப்பிலையைப் பிய்த்தெறிந்தார்.

"அம்மையுமில்ல, கிம்மையுமில்ல! டாக்டரே ஊசி வழியா வைரஸ ஏத்தியிருக்காரு!"

இப்போது பத்தடி பின்வாங்கினர்.

"நில்லுங்கலே, சொல்லுதேன்! அது பரவாத வைரஸ். புற்றைக் கொல்லுத ஜீனைச் சுமந்துக்கிட்டு அந்தப் புற்றுச் செல்லுக்குள்ள போவும். செல்லு லேசுப்பட்டதா? வந்த வைரஸ ஒரு பைக்குள்ள போட்டு அடைச்சிருது. அதுக்குத்தான் இன்னொரு மருந்து. கட்டி மேல மட்டும் சிவப்பு வெளிச்சம் அடிச்சா, மருந்து முழிச்சுக்கிட்டு பையைக் கிழிச்சிரும்."

"கிழிஞ்சா உள்ள இருக்கது வெளிய வந்திருமா?"

"வராம? அதுக்குத்தானே இம்புட்டுப் பாடும்!"

விஜயசங்கர் கையில் எரிந்துகொண்டிருந்த செல்போன் டார்ச்சைப் பதறி அணைத்தான். அவன் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணே, நாங்க லாட்ஜிலயே தங்கிக்கிடுதோம். மைனிய நல்லா பாத்துக்கோங்க!"

வேன் பறந்தது. செய்தி அதைவிட வேகமாகப் பறந்தது. சுரண்டைச் சித்தப்பாவும் வாசுதேவநல்லூர் அத்தையும் தத்தம் முழங்கால்வலியைத் தொலைபேசியில் தெரிவித்தனர். பால்காரர் பாலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதைக் கண்ட சந்தனமாரி சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்ல, வாசலெங்கும் பிளீச்சிங் பவுடர் கோலம் விழுந்தது.

சண்முகநாதன் அசையவில்லை.

"ஊரே திரண்டு வந்தாலும் இந்த ஜன்னல் திறக்காது!" என்று தெருவைப் பார்த்து முழங்கினார். பிறகு உள்ளே போய் இருட்டில் அம்மிக்கல்லில் கால் இடித்துக்கொண்டு, ரசம் வைத்தார்.

"ஏங்க, புளி கூடிட்டு" என்றது இருட்டு. "நாளைக்குக் கொஞ்சம் அவியலும் வைங்களேன்."

வைத்தார். சுவைத்துப் பார்க்கையில் சர்க்கரை போட்டிருந்தது தெரிந்தது. மறுபடியும் வைத்தார். அவளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆடி நடுவில், மருத்துவமனைச் செவிலியர் ஜெயபிரியா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், கடைசியா வந்தப்ப எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இப்பத்தான் வந்துட்டு. கட்டி சுத்தமாக் கரைஞ்சிருக்கு!"

சண்முகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு பழைய முழக்கம் திரும்பியது.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனாலும் நான் விடமாட்டேன். ஆவணி பிறக்குற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாது!"

மறுமுனையில் செவிலியர் கோப்பைப் புரட்டினார்.

"வெளிச்சக் கட்டுப்பாடு வைகாசியிலேயே முடிஞ்சிருச்சே சார்... 'சீசன் கழியட்டும், அவுககிட்ட நானே சொல்லிக்கிடுதேன்'னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க."